ஊருக்கு ஒரு வாய்

ஊமத்தங்குளத்துக்காரர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் சொல்பேச்சுக் கேட்காதவர்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த துன்பங்கள் எல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்தவைதான்.

ஊரில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு சுகாதாரக் குழு இருந்தது. தலைவர் வைரவன். பேசுவதற்கு முன் மூன்று தடவை தொண்டையைக் கனைப்பார். அதற்குள் என்ன பேச வந்தோம் என்பது மறந்துவிடும். கணக்கு முத்திருளன் பொறுப்பு. பத்துவரை தன் விரலிலும், அதற்கு மேல் பக்கத்தில் இருப்பவர் விரலிலும் எண்ணுவார். கோட்டைச்சாமி எதை வேண்டுமானாலும் தூக்குவார். ஏன் என்று மட்டும் கேட்க மாட்டார். நாலாவது ஆள் செவனாண்டி. கூட்டத்தில் கொடுக்கும் சுண்டல் மீந்துபோகாமல் இருக்க ஒருவர் வேண்டும் என்று அவரைச் சேர்த்திருந்தார்கள்.

செவனாண்டிக்கு அப்போது ஒரே ஒரு கவலை. மனைவி பேச்சிக்கு ஐந்தாம் மாதம். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

வாரத்துக்கு ஒருநாள் ஊருக்கு வரும் நர்ஸ் பிலோமினா, பேச்சியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ரத்த அளவு ஏழுதான் இருக்கு. குறைஞ்சது பத்துக்காவது ஏறணும். இல்லேன்னா பிரசவத்துல உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. கீரை சாப்பிடு. இந்த மாத்திரையைத் தினமும் போடு. ஏறலேன்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

செவனாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாலு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

அதே வாரம் நர்ஸ் ஒரு பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து சாவடிச் சுவரில் ஒட்டினார். சுற்று வட்டாரத்து எட்டு ஊர்களையும் ஆராய்ந்து, ஊருக்கு ஒரு புள்ளியாக எட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள்.

"வலப்பக்கம் போகப் போகக் கீரை அதிகம் சாப்பிடுற ஊர். மேலே போகப் போக ரத்தம் அதிகம் இருக்கிற ஊர்" என்று நர்ஸ் விளக்கினார். "பாருங்க, கீரை கூடினா ரத்தமும் கூடுது. மேலே நிக்கிறது தாழையூர். கீழே மூலையில கிடக்கே, அதுதான் நீங்க. மூணு மாசத்துல இந்தப் புள்ளி மேலே ஏறணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டரம்மா" என்றார் வைரவன், மூன்றாவது கனைப்புக்குப் பிறகு.

நர்ஸின் வண்டி தெருமுனை திரும்பியதும் கோட்டைச்சாமி ஏணியைக் கொண்டுவந்தார். காகிதத்தைச் சுவரிலிருந்து பிரித்து, சாவடிக்கு முன்னால் நின்ற புளியமரத்தின் உச்சிக் கொம்பில் கட்டினார்கள். புள்ளி நன்றாக மேலே ஏறிவிட்டது. ஆனால் முத்திருளன் ஒரு குறை கண்டுபிடித்தார்.

"தாழையூர்ப் புள்ளியும் கூடவே ஏறிடுச்சே!"

"அவன் நம்ம மரத்துல எதுக்குய்யா ஏறுறான்?" என்று வைரவனுக்குக் கோபம் வந்தது.

மறுவாரம் நர்ஸ் வந்து, கழுத்து வலிக்க மேலே அண்ணாந்து பார்த்தார். காகிதத்தை இறக்கி மறுபடி சுவரில் ஒட்டச் சொன்னார். "காகிதத்தை இல்லைங்க, ஊரை மேலே கொண்டு வாங்க. தாழையூர்ல சராசரியா தினமும் நாலு பேருக்கு ஒரு கட்டுக் கீரை ஆகுது. அந்த அளவுக்கு நீங்களும் வரணும்."

அன்று குழு கூடியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எத்தனை கட்டு என்று கணக்குப் போட முத்திருளனுக்கு இருபத்திரண்டு பேரின் விரல்கள் தேவைப்பட்டன. ஐம்பத்து மூன்று கட்டு என்று வந்தது.

"தினமும் ஐம்பத்து மூணு கட்டு இந்த ஊரு திங்கணும்" என்றார் வைரவன். "எப்படித் திங்கிறது?"

"எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் திங்கலாம்" என்றார் செவனாண்டி.

மற்ற மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மாப்ள, காகிதத்தைச் சரியாப் பாரு" என்றார் வைரவன். "யார் தின்னாங்கன்னு அதுல எங்கேயாவது போட்டிருக்கா?"

செவனாண்டி போய் மூக்கு இடிக்கப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல, தலைவரே."

"யாருக்கு ரத்தம் ஏறுச்சுன்னு போட்டிருக்கா?"

"அதுவும் இல்ல."

"ஊரு தின்னுச்சு, ஊருக்கு ஏறுச்சு. அவ்வளவுதான். ஊருக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு எதுக்குய்யா இருநூத்திப் பன்னிரண்டு வாய்?"

பிள்ளைகள் கீரையைக் கண்டால் அழும். பெரியவர்கள் பல்லில் மாட்டிக்கொள்கிறது என்பார்கள். வீட்டுக்கு வீடு கடைந்தால் விறகு வேறு வீண். அதனால் நன்றாகச் சாப்பிடக்கூடிய ஒரே ஓர் ஆளை ஊர் சார்பாக நியமிப்பது என்று முடிவாயிற்று. எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. செவனாண்டி அப்போது சுண்டல் தட்டின் அடியை வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் தின்னா பேச்சிக்கு ஏறுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேச்சி இந்த ஊருதானே?"

"ஆமா."

"அப்போ ஏறும்."

மறுநாள் முதல் வீட்டுக்கு வீடு இருந்த கீரையெல்லாம் சாவடிக்கு வந்தது. அரைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை. பேச்சியும் தன் கொல்லையில் நின்ற முருங்கையை மொட்டையடித்து அனுப்பினாள். கோட்டைச்சாமி கல்யாண அண்டாவைத் தூக்கி வந்து அடுப்பில் வைத்தார். செவனாண்டி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் வாழ்த்தினார்கள். இரண்டாம் நாள் மாலை போட்டார்கள். ஐந்தாம் நாள் அவர் எழுந்து ஓடிவிடாமல் இருக்கக் கோட்டைச்சாமி பின்னால் நின்றுகொண்டார்.

நர்ஸ் கொடுத்த மாத்திரையும் அதே வழியில் போயிற்று. "மாத்திரையும் ஊரு வாயிலதான் போகணும்" என்று முத்திருளன் சொன்னதால் பேச்சியுடையதையும் செவனாண்டியே விழுங்கினார்.

பத்தாம் நாள் பேச்சி சாவடி வாசலில் வந்து நின்றாள்.

"மச்சான், தலை சுத்துது."

"கொஞ்சம் பொறு பேச்சி. இன்னும் ஆறு கட்டுதான் பாக்கி. தின்னு முடிச்சா சரியாப் போயிடும்."

"அதுல ஒரு கரண்டி எனக்குக் கொடுங்களேன்."

செவனாண்டிக்கு மனசு இளகியது. கரண்டியை நீட்டவும் போனார். முத்திருளன் குறுக்கே விழுந்து தடுத்தார். "ஐயோ தங்கச்சி! நீ ஒரு கரண்டி தின்னா, யார் எவ்வளவு தின்னாங்கன்னு தனித்தனியா எழுதணும். என் விரலுக்கு அது தாங்காது!"

பேச்சி, கணவனின் வயிறு புடைப்பதைப் பார்த்தபடியே வீடு திரும்பினாள். ஆறாம் மாதம் நடப்பது தனக்கா அவருக்கா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு சங்கடம் முளைத்தது. மயங்கி விழுகிறவர்களின் கணக்கையும் நர்ஸ் ஊர்வாரியாக எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று மாதாமாதம் மேலே அனுப்ப வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும் குழு அவசரமாகக் கூடியது.

"நம்ம எல்லைக்குள்ள விழுந்தாத்தானே நம்ம கணக்கு?" என்றார் வைரவன்.

அன்றிலிருந்து ஊமத்தங்குளத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும், தாழையூர் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்த்தான் விழ வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். நடக்க முடியாதவர்களைக் கோட்டைச்சாமி தூக்கிப் போய் அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். ஒரே வாரத்தில் தாழையூர் வரப்பில் பதினாலு பேர் விழுந்தார்கள். தாழையூர்க்காரர்கள் கம்போடு வந்து நின்றார்கள்.

"உங்க ஊரு மயக்கத்தை எல்லாம் எங்க வரப்புலதான் கொட்டுவீங்களா?"

"கொட்டலைப்பா, படுக்க வைக்கிறோம்" என்றார் வைரவன் பணிவாக.

பேச்சியின் வீட்டிலிருந்து எல்லைக்கல் கால் மைல். தலை சுற்றியதும் கிளம்பினால், அங்கே போய்ச் சேர்வதற்குள் சுற்றல் நின்றுவிடும். சரியென்று திரும்பி வந்தால் பாதி வழியில் மறுபடி சுற்றும். ஒருநாள் இப்படி நடந்து நடந்து, கல்லின் மேலேயே சரிந்து விழுந்தாள். தலை தாழையூரிலும் கால் ஊமத்தங்குளத்திலுமாகக் கிடந்தாள்.

"இது யார் கணக்கு?" என்றார் முத்திருளன்.

"சுத்துறது தலைதானே? தலை எந்தப் பக்கமோ, மயக்கம் அந்தப் பக்கம்" என்றார் வைரவன்.

"இடுப்பு நம்ம பக்கம் இருக்கே? பிள்ளை யார் கணக்குல வரும்?"

இது பெரிய சிக்கலாகப் போயிற்று. அவர்கள் தீர்ப்புக்கு வருவதற்குள் பேச்சி தானே எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷயம் செவனாண்டியின் காதுக்கு எட்டியது. அன்று அவர் அழுதுகொண்டே அறுபது கட்டுத் தின்றார். ஏழு கட்டு அதிகம். பேச்சிக்காக.

ஒரு மாதம் கழிந்தது. எட்டு ஊர்க் கணக்கெடுப்பில் அலைந்துகொண்டிருந்த நர்ஸ் பிலோமினா, ஒருவழியாக ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். பேச்சியின் விரலில் குத்தினார். அதே ஏழு. பக்கத்தில், கதவளவுக்கு அகன்று, கன்னம் சிவக்க நின்ற செவனாண்டியைப் பார்த்து ஏதோ தோன்றி, அவர் விரலிலும் குத்தினார். பதினேழு.

"இவ்வளவு நாள் கீரையை யார் சாப்பிட்டது?"

"ஊரு சாப்பிட்டுச்சு, சிஸ்டரம்மா" என்றார் செவனாண்டி, ஏப்பம் விட்டபடி.

"பேச்சிக்குக் கொடுத்த மாத்திரை?"

"அதையும் ஊருதான் போட்டுக்கிச்சு."

இதற்குள் முத்திருளன், கோட்டைச்சாமியின் கால்விரல் வரைக்கும் எண்ணி முடித்துவிட்டார். "ஏழும் பதினேழும் இருபத்தி நாலு. ரெண்டு பேருக்கும் சரிபாதி. ஆளுக்குப் பன்னிரண்டு! பேச்சிக்குப் பன்னிரண்டு ஏறிடுச்சய்யா!"

சாவடியே கைதட்டியது. செவனாண்டி ஆனந்தக் கண்ணீரோடு மனைவியைத் தேடினார். பன்னிரண்டு ஏறிய பேச்சி, தூணைப் பிடித்தபடி மெல்லச் சரிந்துகொண்டிருந்தாள்.

"எல்லைக்கு, எல்லைக்கு!" என்று கத்திக்கொண்டு கோட்டைச்சாமி ஓடி வந்தார்.

நர்ஸ் பிலோமினா அவரை ஒரு பார்வை பார்த்தார். கோட்டைச்சாமி வாழ்க்கையில் முதல் தடவையாக, தூக்க வந்ததைத் தூக்காமல் திரும்பினார்.

பேச்சிக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு நர்ஸ் சொன்னார். "இவளை நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

"அது மட்டும் வேண்டாம், சிஸ்டரம்மா" என்றார் வைரவன். "நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். டவுன்ல ஆஸ்பத்திரி இருக்கு, அங்கே எங்க பார்த்தாலும் நோயாளி. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியே இல்ல, எவ்வளவு கொஞ்சம் நோயாளி! ஆஸ்பத்திரி இருக்கிற இடத்துலதான் நோய் அதிகம்."

"தாழையூருக்கு நீங்க வாரம் ரெண்டு நாள் போறீங்களாம்" என்று முத்திருளனும் சேர்ந்துகொண்டார். "இப்பப் பாருங்க, அங்க ஒரே மயக்கம்."

நர்ஸ் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். தனக்காகவா அவர்களுக்காகவா என்பது தெரியவில்லை. பேச்சியின் நாடியைப் பிடித்தார், கண் இமையை இறக்கிப் பார்த்தார். பிறகு, "பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள கொஞ்சமாவது ஏறலேன்னா, யார் தடுத்தாலும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

செவனாண்டிக்கு வியர்த்துவிட்டது. "இன்னும் எத்தனை கட்டு திங்கணும்னு சொல்லுங்க சிஸ்டரம்மா. நூறு கட்டுன்னாலும் தின்னுடறேன்."

அவர் குரலில் இருந்த உண்மையைக் கேட்டு நர்ஸுக்குக் கோபம் பாதியாயிற்று. "நீங்க தின்னா அவளுக்கு ஏறாதுங்க. ஊருங்கிறது ஒரு ஆள் இல்ல. இருநூத்திப் பன்னிரண்டு ஆளு. இதை உங்களுக்கு எப்படிக் காட்டுவேன்? சரி, அப்படியே காட்டிடறேன்."

மூன்று நாள் இருந்து ஊரில் எல்லாருக்கும் விரலில் குத்தினார். பழைய காகிதத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுக் காகிதம் ஒட்டினார். ஆளுக்கு ஒன்றாகச் சிவப்பு மையில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். மேலே, கீழே, நடுவில், ஓரத்தில் என்று காகிதம் முழுக்க நிறைந்தது.

"இதுதான் உங்க ஊரு. இப்பப் பாருங்க!"

குழு கிட்டே வந்து பார்த்தது. தூரப் போய்ப் பார்த்தது. வைரவன் கனைக்கவே இல்லை. மெல்லத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, காகிதத்தைக் கும்பிட்டார்.

"என்ன தலைவரே?" என்றார் செவனாண்டி.

"தெரியலையா? உடம்பு பூராவும் சிவப்புச் சிவப்பா முத்துப் போட்டிருக்கே. நம்ம ஊருக்கு அம்மை வாத்திருக்குடா!"

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோட்டைச்சாமி வேப்பமரத்தில் பாதியைச் சுமந்து வந்தார். காகிதத்தின் தலைமாட்டில் ஒரு கொத்து, கால்மாட்டில் ஒரு கொத்து. ஒருவர் விசிறினார். ஒருவர் அதற்கு இளநீர் வாங்கி வந்து முன்னால் வைத்தார்.

நர்ஸ் பேச்சியைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவர். எங்கே விளக்குவதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாங்க" என்றார். "பெரிய அம்மையாத்தான் தெரியுது. இனிமே யாரும் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. அவங்கவங்க கொல்லைக் கீரையை அவங்கவங்க வீட்டுலயே கடைஞ்சு, அவங்கவங்க வாயாலதான் சாப்பிடணும். மாத்திரையும் அப்படித்தான். நாற்பத்தஞ்சு நாள். குழுத் தலைவர் இதுக்குப் பொறுப்பு."

"காகிதத்துக்கு என்ன பத்தியம்?" என்று கவலையோடு கேட்டார் வைரவன்.

"அதைத் தொந்தரவு பண்ணாம விட்டாப் போதும்."

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அல்லவா? சாவடி அண்டா கவிழ்ந்தது. செவனாண்டி வீட்டோடு அடைபட்டார். ஒரு மாதமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்றவருக்கு ஒரு ஆளாகத் தின்பது முதலில் பிடிபடவில்லை. இலையில் பாதி மீந்தது. மீந்ததைப் பேச்சி எடுத்துக்கொண்டாள். முதல் கரண்டி வாயில் போனதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உறைப்பா?" என்று பதறினார் செவனாண்டி.

"உப்பே இல்ல மச்சான்" என்றாள் பேச்சி. "பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் போடுங்க."

பத்தாம் நாள் நர்ஸ் வந்து பார்த்தார். ஏழரை. பத்திய காலத்தில் ஏழரை என்கிற பேச்சே ஆகாது என்று வைரவன் கேட்டுக்கொண்டதால் "ஏறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பேச்சி நடையில் வேகம் வந்தது. உதட்டில் நிறம் வந்தது. எல்லைக்கல் பக்கம் புல் முளைத்தது. தாழையூர்க்காரர்கள் கம்பை உள்ளே வைத்தார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் பேச்சிக்குப் பத்தேகால்.

செவனாண்டி அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "நான் ஒண்ணுமே தின்னலையே, எப்படி ஏறுச்சு?"

"நான் தின்னேன் மச்சான்" என்றாள் பேச்சி.

அவர் அதை நம்பவில்லை. அது அவர் தப்பில்லை. ஊரில் யாருமே நம்பவில்லை. எல்லாம் அம்மை இறங்கிய நேரம் என்றே பேசிக்கொண்டார்கள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே? மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் அண்டா நிறையத் தண்ணீர் காய வைத்தார்கள். மேளதாளத்தோடு காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்து, மணையில் உட்கார வைத்து, வைரவன் தன் கையாலேயே மூன்று சொம்பு ஊற்றினார்.

சிவப்பு மை கரைந்து ஓடியது. மூன்றாவது சொம்புக்குக் காகிதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"ஊரு பிழைச்சுது!" என்று எல்லாரும் குலவை போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து முத்திருளன், காகிதம் ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுவரில், இதுவரை வேப்பங்கொத்து மறைத்திருந்த உயரத்தில், ஒற்றையாக ஒரு புள்ளி நின்றது. காகிதம் பதினைந்தோடு முடிந்துவிட்டதால், பதினேழு வந்த ஆளுக்கு நர்ஸ் சுவரிலேயே பேனாவால் அழுத்தி ஒரு புள்ளி வைத்திருந்தார். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் பேரும் இருந்தது. செவனாண்டி.

தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அசையவில்லை.

அன்று மாலை நர்ஸ் வந்தபோது, செவனாண்டி சாவடி நடுவில் வேப்பிலைப் படுக்கையில் படுத்திருந்தார். பேச்சி தலைமாட்டில் உட்கார்ந்து, பலமாக விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது தெம்புக்குக் குறைவில்லை.

"இவருக்கு என்ன?" என்றார் நர்ஸ். விரலில் குத்திப் பார்த்தார். பதினாறு. "இந்த வட்டாரத்துலேயே இவ்வளவு ஆரோக்கியமான ஆள் கிடையாதுங்க!"

"ஆளு ஆரோக்கியம்தான், சிஸ்டரம்மா" என்றார் வைரவன் துக்கத்தோடு. "புள்ளிக்குத்தான் இன்னும் இறங்கலை."

நர்ஸ் பேச்சியைப் பார்த்தார். பேச்சி லேசாகச் சிரித்துவிட்டு விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள். நர்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவனாண்டி படுக்கையில் நெளிந்தார். "கோட்டைச்சாமி, தாங்க முடியலப்பா. ஒரே அரிப்பு. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

கோட்டைச்சாமி எழுந்தார். ஏணியைச் சுவரில் சாத்தினார். மேலே ஏறி, அந்தப் புள்ளியை நகத்தால் பதமாகச் சொறிந்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஆ... அங்கேதான்" என்றார் செவனாண்டி, கண்ணை மூடிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."